அப்பா தட்டாமல் விட்ட கதவு

ஏணியை அப்பா பிடித்துக்கொண்டார். நான் ஏறினேன். போன வருடம் வரை அவர் ஏறுவார், நான் பிடிப்பேன். இந்த அக்டோபரில் அவர் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சான் ரோக்கோ கோயிலின் தெற்குக் கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் தகர வாய்க்கால் முழுக்க லார்ச் மரத்தின் மஞ்சள் ஊசியிலைகள் அடைத்திருந்தன. அவற்றை அள்ளாமல் விட்டால் பனி உருகும்போது தண்ணீர் சுவரில் வழியும். அந்தச் சுவரில் வழியக் கூடாது.

"அள்ளிப் போடும்மா. என் தலையில போடாத."

"தள்ளி நில்லுங்கப்பா."

"நான் தள்ளி நின்னா ஏணிய யாரு புடிப்பா? சுவத்துல இருக்கறவனா?"

சுவரில் இருப்பவன் சாவு. தலையில் கிரீடம் வைத்த எலும்புக்கூடு. ஆட்டுத்தோல் பையில் காற்றடைத்துத் துருத்திக்குழல் ஊதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குப் பின்னால் சுவரின் கோடி வரை அவன் கூட்டம். ஒவ்வொரு எலும்புக்கூடும் ஒவ்வொரு மனிதரின் கையைப் பிடித்து இழுக்கிறது. பாப்பரசர், அரசர், மருத்துவர், கஞ்சன், கன்னியாஸ்திரி, பிச்சைக்காரன், கடைசியில் போர்வை சுற்றிய ஒரு குழந்தை. அரசருக்கு வர மனமில்லை, கால் பின்னுகிறது. பிச்சைக்காரன் மட்டும் துள்ளி நடக்கிறான். ஐந்நூறு வருடங்களாக அந்தச் சுவரோவியத்தின் சிவப்பும் பச்சையும் மலை வெயிலைத் தாங்கி நிற்கின்றன. பொருள்களின் ஆயுளை அளப்பது என் தொழில். அந்தச் சுண்ணாம்புப் பூச்சின் முன் நான் வாயைத் திறப்பதில்லை.

"இந்த வருஷம் உன் மாசென்சா பெரியம்மா வீட்டுக்கும் போறேன்" என்றார் அப்பா, கீழிருந்து.

"நிஜமாவா?"

"வாக்குக் குடுத்துட்டேன்ல. அவ முன்கதவுக்குப் புதுத் தாழ்ப்பாளும் வாங்கி வெச்சிருக்கேன். ஒரே நடையில ரெண்டு வேலை."

"எப்ப போறீங்க?"

"கடைசியா" என்றார். பிறகு ஏணியைத் தேவைக்கு அதிகமாக இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

எங்கள் மலையூர் ஓர்சேனாவில் நவம்பரில், புனித மார்ட்டின் திருநாளை ஒட்டிய ஞாயிறன்று, ஊரே அந்தச் சுவரடியில் கைகோத்து ஆடும். ஒவ்வொரு வீட்டுக்கும் சுவரில் ஒரு உருவம் உண்டு. அதன் கீழேதான் அந்த வீட்டார் நிற்க வேண்டும். அம்மாவின் வீட்டுக்குக் கஞ்சன். மாசென்சா வீட்டுக்கு மருத்துவர். ஆட்டத்துக்கு முந்தைய வாரம் முகமூடி போட்ட சாவு வீடு வீடாக வந்து அழைக்கும். முன்கதவைத் தட்டி, "வா, ஆடலாம்" என்று மட்டும் சொல்லும். வீட்டுக்காரர் வர முடியாததற்கு ஒரு சாக்குச் சொல்ல வேண்டும். சாக்கு நன்றாக இருந்தால் தெருவே சிரிக்கும். சாவு பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முடிச்சுட்டு வா" என்று சொல்லிப் போய்விடும். அழைக்கப்படாதவர் ஆடக் கூடாது. அதில் சமரசம் கிடையாது.

சாவாக வேஷம் போடுபவர் ஊரில் பிறந்தவராக இருக்கக் கூடாது. உள்ளூர்க்காரன் வந்தால் யார் மேல் பகை, யார் மேல் பாசம் என்று ஊர் பார்க்கும். சாவுக்கு இரண்டும் ஆகாது.

அப்பாவுக்கு அந்த வேஷம் கிடைத்தது அப்படித்தான். அவர் பெயர் ஒலிவோ. பள்ளத்தாக்கின் அடியில், மக்காச்சோளம் விளையும் ஊரில் பிறந்தவர். பனிச்சறுக்கு மலைக்கு ரோப் கார் போட்டபோது மெக்கானிக்காக வந்தார். தெக்லாவை, அதாவது என் அம்மாவை, கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். முதல் குளிர்காலம் முழுக்க ஊர் அவருக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. 'களிக்காரன்' என்று முதுகுக்குப் பின்னால் சொன்னது. மக்காச்சோளக் களி தின்னாத வீடு இங்கே ஒன்றுகூட இல்லை. இருந்தும் அவர்தான் களிக்காரன். அடுத்த இலையுதிர் காலத்தில், அதுவரை சாவாக வந்தவர் செத்துப்போனார். ஊர்ப் பெரியவர்கள் வீட்டுக்கு வந்து நின்றார்கள். வெளியூரில் பிறந்த ஆண்பிள்ளை அப்போது அவர் ஒருவர்தான்.

அவருக்குக் குழல் ஊதத் தெரியாது. ரோப் கார் மோட்டார் அறையில் உட்கார்ந்து பழகினார். மோட்டார் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்தார். மேல் மேய்ச்சலில் மாடுகள் பால் குறைத்துவிட்டதாகப் புகார் வந்தது. ஆனாலும் அந்த நவம்பரில் எல்லாக் கதவும் திறந்தது. முகமூடி போட்டவனிடம் எல்லாரும் பேசினார்கள், ஆளுக்கொரு கிளாஸ் கிராப்பா சாராயம் ஊற்றினார்கள். மறுவாரம் அவர் முகமூடி இல்லாமல் தெருவில் நடந்தபோதும் பேச்சு நிற்கவில்லை.

அவர் செய்த ஒன்றை அவருக்கு முன்னால் சாவாக வந்த யாரும் செய்ததில்லை. மக்கள் சொன்ன சாக்குகளை அவர் உண்மையாக எடுத்துக்கொண்டார். "கூரை ஒழுகுது, எப்படி வர்றது?" என்று விளையாட்டாகச் சொன்ன வீட்டுக்கு அடுத்த சனிக்கிழமை ஏணியோடு போய் நின்றார். "மாடு ஈனப்போவுது" என்றவரின் தொழுவத்தில் வைக்கோலில் உட்கார்ந்து காத்திருந்தார். "முடிச்சுட்டு வான்னு நான்தானே சொன்னேன்? முடிக்க ஒரு கை குடுக்க வேண்டாமா?" என்பார். பேக்கரி வைத்திருக்கும் எர்மானோ ஒரு முறை, "அடுப்புப் புகைபோக்கி அடைச்சிருக்கு" என்று சும்மா சொல்லிவைத்தார். மறுநாள் சாவு வந்து புகைபோக்கியைக் கழற்றிப் போட்டுவிட்டது. அன்று ஊரில் ரொட்டி இல்லை. நல்லாயிருந்த புகைபோக்கியைப் பிரித்த சாவு என்று எர்மானோ இன்றும் சொல்லிக் காட்டுகிறார்.

அம்மாவுக்கு நோய் முற்றிய வருடம் நான் மிலானில் இருந்தேன். அந்த நவம்பர் அழைப்பன்று நடந்ததை மாசென்சாதான் சொன்னார். அம்மாவின் தோழி. அம்மாவைவிட மூத்தவர். நான் அவரைப் பெரியம்மா என்பேன். அம்மாவின் கட்டிலைச் சமையலறை அடுப்போரம் போட்டிருந்தார்கள். மாசென்சா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நம் வீட்டை இந்த வருடம் விட்டுவிடட்டுமா என்று அப்பா கேட்டிருக்கிறார். "என்னைய மட்டும் விட்டுடுவியா? ஊர் சிரிக்கும்" என்றாராம் அம்மா. அப்பா பின்வாசலால் வெளியே போய், முகமூடி போட்டுக்கொண்டு, முன்வாசலைத் தட்டினார். மாசென்சா திறந்தார்.

"வா, ஆடலாம்."

"வர முடியாது" என்றார் அம்மா. "என் புருஷன் கோட்டுல பட்டன் தைக்கணும். ரோப் கார் கம்பியையே பின்னுவான், ஊசியில நூல் கோக்கத் தெரியாது அவனுக்கு."

"முடிச்சுட்டு வா" என்று அப்பா சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. திரும்பி நடந்துவிட்டார். ஞாயிறு வருவதற்குள் அம்மா போய்விட்டார்.

அதற்குப் பிறகு, படுக்கையில் யாராவது இருக்கும் வீட்டை அப்பா சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுவார். அவர் மனசு தெரியும் என்பதால் யாரும் கேட்கவில்லை. மாசென்சாவுக்கு நுரையீரல் கெட்டுப் பிராணவாயுக் குழாய் மாட்டிக்கொண்ட வருடம், அதாவது போன வருடம், அவர் வீட்டையும் அப்படியே தாண்டினார். மாசென்சா நல்ல பாவாடை உடுத்தி, முன்கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு, மாலை வரை உட்கார்ந்திருந்தாராம். அதற்குப் பிறகு அப்பாவோடு பேசவில்லை. வசந்த காலத்தில், இறுகிப்போன அவர் முன்கதவுத் தாழ்ப்பாளைச் சரிசெய்ய அப்பா கருவிப்பெட்டியோடு போனபோது உள்ளே வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டார். கதவு அப்படியே கிடந்தது. பால்காரரும் நர்ஸும் விறகுக் கொட்டகை வழியாகத்தான் போய் வந்தார்கள்.

ஆகஸ்ட் விடுமுறையில் நான் வந்திருந்தபோது அந்தப் பேசாமை உடைந்தது. ரொட்டி வாங்கப் போனேன். பழைய கடையில் ஷட்டர் இறங்கியிருந்தது. ஒரு பெண்ணிடம் வழி கேட்டுப் புதுக் கடையைக் கண்டுபிடித்தேன். வாசல் பெஞ்சில் மாசென்சா, மூக்கில் குழாய், பக்கத்தில் சக்கரம் வைத்த சிலிண்டர். அவர் முன்னால் அப்பா, கையில் ரொட்டிப் பை. தப்பிக்க வழியில்லை.

"என்ன ஒலிவோ, என் வீடு கண்ணுக்குத் தெரியலையா?"

"மாசென்சா, உனக்கு உடம்பு சரியில்லாம..."

"உடம்பு சரியில்லாதவள சாவு கூப்புடாதா? இது எந்த ஊரு வழக்கம்? களி ஊரு வழக்கமா?"

கடைக்குள் எர்மானோ ரொட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

"உன் நல்லதுக்குத்தான்..."

"என் நல்லது! எனக்கு நோவு வந்த நாள்லேருந்து எல்லாரும் எங்கிட்ட குரலத் தாழ்த்திப் பேசறாங்க. என் பூனைகூட மெதுவா நடக்குது. நீ ஒருத்தனாவது எப்பவும்போல வந்து கதவ இடிப்பேன்னு உக்காந்திருந்தேன். சாக்கு யோசிச்சு வெச்சிருந்தேன்யா. நல்ல சாக்கு. வீணாப்போச்சு."

அப்பா தரையைப் பார்த்தார். மாசென்சா மூச்சு வாங்கிக்கொண்டார். அடுத்து பேசியபோது சத்தம் குறைந்திருந்தது.

"வெளியூர் ஆளுங்கறதாலதான் உனக்கு அந்தக் குழலக் குடுத்தாங்க. இப்ப ஊர்க்காரன் ஆயிட்ட. அதான் யாரப் பாக்கறது, யார விடறதுன்னு பக்கம் பாக்கற."

"தெக்லாவக் கூப்ட்டேன்" என்றார் அப்பா. "அதுக்கப்புறம்..."

"அவ சிரிச்சா."

அப்பா நிமிர்ந்தார்.

"நீ முகமூடிக்குள்ள இருந்த, ஒண்ணும் பாக்கல. திரும்பி ஓடிட்ட. நான் பக்கத்துல இருந்தேன். நீ போனப்புறமும் சிரிச்சா. 'பட்டன் விஷயத்துல மாட்டிக்கிட்டான்'னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. அந்த வாரத்துல அவ சிரிச்சது அப்ப மட்டுந்தான்."

"நிஜமா?"

"பொய் சொன்னா எனக்கு என்ன, கிராப்பா ஊத்துவியா?"

அப்பா ரொட்டிப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. எர்மானோ பார்த்தார், உடனே அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வர்றேன்" என்றார் அப்பா.

"தட்டறப்ப நல்லாத் தட்டு. நோயாளி வீடுன்னு தடவிட்டுப் போகாத. தாழ்ப்பாளும் அப்படியேதான் கெடக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

நவம்பரில் அப்பா எல்லா வீட்டுக்கும் போனார். படுக்கையில் ஆள் இருந்த வீடுகளுக்கும் போனார். மாசென்சாவின் வீடு ஊரின் மேல் கோடியில் இருக்கிறது. அதை மட்டும் மறுநாளுக்கு வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். முகமூடியை மேஜையில் வைத்தார். பூட்ஸைக் கழற்ற உட்கார்ந்தார். காலையில் ரொட்டி கொண்டுவந்த எர்மானோ பார்த்தபோது ஒரு கால் பூட்ஸ் கழற்றியிருந்தது, ஒன்று கழற்றவில்லை. இதயம் என்றார்கள்.

எனக்குச் செய்தி வந்தபோது மிலானில் எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரு ரோப் கார் கம்பியில் சோதனைப் பாரம் ஏற்றிக்கொண்டிருந்தோம். பாரத்தை இறக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

எங்கள் ஊரில் சவப்பெட்டியைப் புதைப்பதற்கு முன் அந்தந்த வீட்டு உருவத்தின் கீழே இறக்கி வைப்பார்கள். அப்பாவை எங்கே வைப்பது என்று கோயிலை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் சச்சரவு வந்தது. பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டே பேசினார்கள்.

"தெக்லா வீட்டு மாப்பிள்ளை. கஞ்சனுக்குக் கீழ வைங்கப்பா."

"ஒலிவோவா கஞ்சன்? மனசாட்சி இருக்கா உனக்கு?"

"அப்ப எங்கதான் வைக்கறது? தோள் போவுது."

"குழல் ஊதறவன் கீழ வைங்க" என்றார் எர்மானோ.

அந்த இடத்தில் இதுவரை யாரையும் வைத்ததில்லை. முன்னால் இருந்தவர்களை எல்லாம் அவரவர் சொந்த ஊருக்கு எடுத்துப் போய்விட்டார்கள். அப்பாவை அங்கே வைத்தார்கள். கிரீடம் வைத்த எலும்புக்கூடு அவருக்கு மேலே குழல் ஊதிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் யாரோ மெதுவாகச் சொன்னார்கள்: "சாவே போய்ச் சேந்துருச்சு. இனிமே நமக்கென்ன பயம்?" வரிசை முழுக்க அடக்கிய சிரிப்பு ஓடியது. பாதிரியாரும் கைக்குட்டையை எடுத்தார். நானும் சிரித்தேன். அப்பாவுக்கு யாரும் அதைவிட நல்ல இரங்கல் சொல்லவில்லை.

ஞாயிறு ஆட்டத்துக்குச் சாவு வேண்டும். பீட்சா கடை வைத்திருக்கும் நேப்பிள்ஸ்காரரைக் கேட்டார்கள். அவர் கெட்டது அண்டாமலிருக்க மேஜைக்கு அடியில் இரண்டு விரலைக் கொம்புபோல் நீட்டிக்கொண்டு, வேறு என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றார். கடைசியில் ஒரு நாற்காலி போட்டு அதன்மேல் குழலை வைத்துவிட்டு ஆடுவதென்று முடிவானது. அழைப்பைத்தான் அப்பா எல்லா வீட்டிலும் முடித்துவிட்டாரே என்றார்கள்.

சனிக்கிழமை காலையில் தொலைபேசி அடித்தது.

"உங்கப்பன் வரல" என்றார் மாசென்சா.

"பெரியம்மா... அப்பா..."

"தெரியும்டி. அழுது முடிச்சுட்டுத்தான் கூப்புடறேன். ஆனா வரல. நாளைக்கு எல்லாரும் ஆடுவாங்க. மருத்துவருக்குக் கீழ ஆள் இருக்காது. இப்ப யாரு வருவா?"

"வேற வெளியூர் ஆள் யாருமில்ல பெரியம்மா."

"நீ வாயேன்."

"நான் இங்க பொறந்தவ."

"பொறந்த. அப்புறம்? ஆகஸ்ட்ல பேக்கரிக்கு வழி கேட்டியாமே. கடை மாறி ரெண்டு வருஷமாச்சு. யாருகிட்ட கேட்டன்னுகூட உனக்குத் தெரியல. அது எர்மானோ பொண்ணு."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"வெளியூருதான் நீ" என்றார், திட்டுவதுபோல் இல்லாமல். "வந்து தட்டு."

சாவின் கோட்டு கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தது. கருப்புத் துணியில் வெள்ளை எலும்புகள், அம்மா தைத்தது. தோள் எனக்கு அகலம். நடுவில் ஒரு பட்டன் விட்டுப்போயிருந்த இடத்தில், அம்மா கட்டிலிலிருந்து பார்த்துத் தைக்கணும் என்று சொன்ன அதே இடத்தில், அப்பா மெல்லிய எஃகுக் கம்பியால் பட்டனை முறுக்கிக் கட்டியிருந்தார். முறுக்கு சீராக இருந்தது, முனைகள் உள்ளே மடக்கியிருந்தன. கோட்டு கிழியும், அந்தப் பட்டன் வராது. முகமூடிக்குள் இருமல் மிட்டாய் வாசனை.

பட்டப்பகலில் தெருவேறிப் போனேன். சன்னல்களில் முகங்கள் தெரிந்தன. யாரும் கூப்பிடவில்லை. மாசென்சா வீட்டு வாசலில் நின்று குழலின் பையை அக்குளில் அழுத்தி ஊதிப் பார்த்தேன். ஒரே ஒரு சத்தம் வந்தது, நிற்கவும் மாட்டேன் என்றது.

"என்னடா அது, கன்னுக்குட்டிய யாரு மிதிச்சது?" உள்ளேயிருந்து குரல்.

நன்றாகத் தட்டினேன். கதவின் கண்ணாடி அதிர்ந்தது. பிராணவாயு இயந்திரத்தின் உறுமல் கேட்டது. பிறகு நாற்காலி நகரும் சத்தம், பக்கத்திலேயே, கதவுக்குப் பின்னாலேயே.

"யாரு?"

"வா, ஆடலாம்."

மூச்சை இழுத்துக்கொள்ளும் நேரம் எடுத்துக்கொண்டார். ஒரு வருடமாக வைத்திருந்த சாக்கு அல்ல அது. புதியது.

"வர முடியாதே. கதவு தொறக்காது. தாழ்ப்பாள் இறுகிக் கெடக்கு. ஒருத்தன் வந்து மாத்தித் தர்றேன்னான். புதுசுகூட வாங்கிட்டானாம். ஆளக் காணோம். நல்ல வேலக்காரன், ஆனா சொன்ன நாளுக்கு வர மாட்டான்."

தெருவில் யாரோ சிரித்தார்கள். நான் சொல்ல வேண்டியது ஒரு வரிதான். முகமூடிக்குள் மூக்கு ஒழுகியது. துடைக்க வழியில்லை.

"முடிச்சுட்டு வா" என்றேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் சிரிப்பும் இருமலும் ஒன்றாக வந்தன, அடங்க நேரமாயிற்று.

"நான் எங்கடி முடிக்கறது? நீதான் முடிக்கணும். நாளைக்குக் காலைல இந்த வாசல் வழியாத்தான் நான் வெளிய வருவேன், கொட்டகை வழியா இல்ல. உங்கப்பன் பெட்டி எங்க இருக்கு?"

ரோப் கார் மோட்டார் அறை அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும். தாழ்ப்பாளும் அங்கேதான் இருக்க வேண்டும். குழலை அவர் வாசற்படியில் வைத்துவிட்டு, அவை இரண்டையும் எடுத்து வரக் கீழே இறங்கினேன்.